கொழுந்தும் கணக்கும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனைச் சொல்பவர் பெரும்பாலும் உழுதவர் அல்லர். உழுதவனிடம் விளைபொருள் வாங்குபவரும், அவனுக்குக் கடன் கொடுப்பவருமே இதனை அடிக்கடி எடுத்தாள்வதை நாம் கவனித்திருக்கின்றோம். கணக்குப் பாராதே, பார்த்தால் மனம் உடைந்துபோவாய் என்று ஆறுதல் கூறுவதுபோல அது ஒலிக்கின்றது. ஆயின், உழுதவன் பாராத கணக்கை வேறொருவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிடுகின்றது.

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை ஒருவகையிற் கணக்குப் புத்தகங்களின் வரலாறு எனலாம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் தேயிலை மலைநாடெங்கும் பரவியதும், 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியதும், 1924 இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்ததும் மாணவர்கள் படித்தறிந்தவை. செக்ரோல் என்னும் புத்தகத்தைப் பற்றி எவரும் பரீட்சையிற் கேட்பதில்லை. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் ஆளெண்ணிப் பேர் போடுவதும், தராசடியிற் கொழுந்தை நிறுத்து எழுதுவதும் அந்தப் புத்தகத்தின் காரியங்கள். நிறை குறைந்தால் அரைப்பேர். எழுதுபவர் கணக்கப்பிள்ளை, எழுதப்படுபவர் தொழிலாளி. அதற்கும் முன்னே ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளரின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அச்சீட்டின் வழியே மனிதரும் கடனும் ஒருங்கே தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினர். 1921 இல் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. எழுத்தறியாதவன் தலைமேல் எழுதப்பட்ட கணக்கு எத்துணைப் பாரமானது என்பதை நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர்.

இவற்றையெல்லாம் இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இப்பொழுது பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎலப் பக்கங்களில் அரை ஏக்கரும் ஓரேக்கருமாகச் சொந்தமாய்த் தேயிலை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. பண்டாரவளையிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சி பயிரிடுவோரும் உள்ளனர். தோட்டக் கம்பனி ஒதுக்கித் தந்த சில நூறு தேயிலைச் செடிகளைக் குடும்பமாகப் பராமரித்து, கொழுந்தைக் கம்பனிக்கே நிறுத்துக் கொடுப்போரும் இருக்கின்றனர். இவர்களுடைய கணக்கை எழுதக் கணக்கப்பிள்ளை இல்லை. அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாவிடின் கொழுந்து வாங்குபவர் எழுதியதே கணக்காகிவிடும்.

அண்மையில் எமது மாணவி ஒருத்தி, பண்ணைக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றைத் தன் வீட்டில் உபயோகிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். வீட்டில் உள்ளது பசறைப் பக்கத்தில் ஓரேக்கர் தேயிலையும் ஒரு பசுவும். அதற்குக் கணினி எதற்கு என்று கேட்கத் தோன்றும். எமக்கும் தோன்றியது. ஆனால் அவள் காட்டியதைப் பார்த்தபின், இது பெருந்தோட்டக்காரரின் ஆடம்பரம் அன்று என்பது தெளிவாயிற்று.

உலகில் இத்தகைய மென்பொருள்கள் பல உள. ஃபார்ம்ஓஎஸ் என்பது எவரும் இலவசமாக எடுத்து உபயோகிக்கக்கூடிய திறந்த மூல மென்பொருள். கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் சிறு உழவரை முன்னிறுத்தி லைட்ஃபார்ம் என்ற ஒன்றை உருவாக்கியுள்ளனர். பணம் கட்டிப் பெறுவனவும் உண்டு. பெயர் எதுவாயினும் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முதலிலே உள்ள பொருள்களைப் பதிய வேண்டும்: மேல்மலை, கீழ்மலை, பலாவடித் துண்டு, பசு, மருந்தடிக்கும் பம்பு. பின்னர் நிகழ்ந்தவற்றைத் திகதியிட்டுப் பதிய வேண்டும்: கொழுந்து கொய்தது, உரம் போட்டது, கவ்வாத்து வெட்டியது, கான் துப்புரவாக்கியது, பசு கன்று ஈன்றது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஏதேனும் ஒரு பொருளோடு இணைக்கப்படும். தமிழாசிரியர் எவரும் இதனைக் கண்டதும் புன்னகை செய்வர். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் என்று நாம் ஆறாம் வகுப்பிற் சொல்லிக்கொடுப்பதைத்தான் மேல்நாட்டார் மென்பொருளாக்கியிருக்கின்றனர். எழுவாய் இல்லாத வாக்கியத்தை நாம் சிவப்பு மையாற் சுழிப்பதுபோல, எந்த மலை என்று சொல்லாமல் ‘உரம் போட்டோம்’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதத்தின்பின் அந்தப் பதிவினால் யாதொரு பயனும் இராது.

பயன் என்ன என்று கேட்பீர்கள். முதலாவது, தராசு. தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுப்பவர் அனைவரும் அறிந்த சங்கதி, நிறுத்த நிறை முழுவதும் கணக்கில் ஏறுவதில்லை என்பது. சாக்கின் நிறை கழியும். மழைநாளில் ஈரத்துக்கென்று கழியும். முற்றிய இலைக்கென்று கழியும். கழிப்பது நியாயமே. நீரைத் தேயிலையாக விற்க இயலாது. ஆனால் எவ்வளவு கழிந்தது என்பதைக் கொடுத்தவரும் அறிந்திருக்க வேண்டும் அன்றோ? ஒரு குடும்பம் மாதம் 300 கிலோ கொழுந்து கொடுக்கின்றது, கிலோவுக்கு 200 ரூபா கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நான்கு கழிந்தால் 12 கிலோ, அதாவது 2400 ரூபா. ஆண்டுக்கு 28,800 ரூபா. இரண்டு பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, பஸ் செலவு என்பவற்றை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலே ஒரு தொங்குதராசில் நிறுத்து எழுதிய நிறையும், கொழுந்து வண்டிக்காரர் தந்த சீட்டின் நிறையும் அடுத்தடுத்த இரு கட்டங்களில் நின்றால், வெயில் காலத்திலும் ஈரக்கழிவு போட்டிருந்தது கண்ணிற் படும். மாணவியின் தகப்பனார் அவ்வாறு கண்டு, சண்டையின்றி, திகதிகளைக் காட்டிக் கேட்டார். அடுத்த மாதம் கழிவு குறைந்தது. அவர் கோபமாகக் கேட்டிருந்தால் குறைந்திருக்குமோ என்பது சந்தேகமே.

இரண்டாவது, விலை. கொழுந்தின் விலை கடைக்காரர் நினைத்தபடி வைக்கும் விலை அன்று. நாலரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து ஒரு கிலோத் தூளாகின்றது. அத்தூள் கொழும்பு ஏலத்தில் விலைபோகின்றது. அந்த ஏலம் 1883 முதல் நடப்பது. தொழிற்சாலை ஏலத்திற் பெற்ற சராசரி விலையில் 68 பங்கு கொழுந்து தந்தவர்களுக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்பது தேயிலைச் சபையின் மேற்பார்வையில் வழங்கிவந்த சூத்திரம். ஆகவே தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, மாதத்துக்கு மாதம் விலை வேறுபடும். ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குக் காற்று மலையைக் கடந்து வறண்டு வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் மணம் உலகப் பிரசித்தம். கொழுந்து குறையும், தூளின் விலை ஏறும். அந்த ஏற்றம் நம் கைக்கு வந்ததா என்பதை அறிய, சென்ற ஆண்டின் அதே மாதக் கணக்கு வேண்டும். நினைவிலிருந்து சொல்வோர் எப்போதும் சென்ற ஆண்டே நன்றாயிருந்தது என்பர். அது மனித சுபாவம்.

எம் மனத்தை உறுத்திய விஷயம் மூன்றாவது. அந்த மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, எத்தனை மணி நேரம், யார் செய்தது என்று எழுத இடம் இருந்தது. மாணவி அதனை வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்குத் தகப்பனாரே பதில் சொன்னார்: “சேர், நாங்க செய்யிற வேலைக்கு நாங்களே சம்பளம் எழுதுறதா? நம்ம மலைதானே!” பதில் அழகாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு மாதம் மட்டும் எழுதிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். தகப்பனார் நாளுக்கு நான்கு மணி நேரம். தாயார் தோட்டத்து வேலை முடிந்து வந்தபின் மூன்று மணி நேரம். அப்பாயி, அதாவது தகப்பனாரின் தாயார், புல் எடுப்பதும் கொழுந்து கொய்வதுமாக மூன்று மணி நேரம். இருபத்தாறு நாளுக்கு 260 மணி நேரம். மேற்சொன்ன கணக்கின்படி வரவு 60,000 ரூபா. உரம், மருந்து, வண்டிக்கூலி முதலியவற்றுக்கு 15,000 ரூபா கழித்தால் எஞ்சுவது 45,000. மணிக்கு 173 ரூபா. எட்டு மணி நேர நாளுக்கு 1384 ரூபா.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அதன்மேல் தொழில்கொள்வோர் நூற்றுக்குப் பன்னிரண்டு ஊழியர் சேமலாப நிதிக்கும், மூன்று நம்பிக்கை நிதிக்கும் செலுத்த வேண்டும். சேர்த்துப் பார்த்தால் 1552 ரூபா ஆகின்றது. சொந்த மலையிற் பாடுபடும் குடும்பத்துக்குச் சேமலாபமும் இல்லை, பிரசவ விடுமுறையும் இல்லை. ஆகவே சொந்தக்காரர் கூலிக்காரரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கின்றார். மண் தம்முடையது என்ற மகிழ்ச்சி அக்குறையை மறைத்துவிடுகின்றது. மண் நம்முடையது என்பது சிறு காரியமன்று. நிலமற்றிருந்த ஒரு சமூகத்துக்கு அதன் அருமை எமக்குத் தெரியாததும் அன்று. ஆனாலும் தாயாரின் மூன்று மணி நேரத்தை எழுதாத கணக்கு, லாபக் கணக்கு ஆகாது. தாயார் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுவாரம் புல் எடுப்பதில் ஒரு பகுதியை மகன் ஏற்றுக்கொண்டான் என்று மாணவி சொன்னாள். மென்பொருள் செய்வித்த முதற் சீர்திருத்தம் அதுவே.

உரம், மருந்து பற்றிய பதிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருந்தடித்த நாளுக்கும் கொழுந்து கொய்யும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்பதற்கு விதி உண்டு. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் தேயிலையில் மருந்தின் மிச்சத்தை அளந்து பார்த்தே வாங்குகின்றன. இரசாயன உரத்துக்கு 2021 மே மாதத்தில் விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டது எனினும், நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்தது 2022 இல் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. நாட்டின் இழப்புக்குக் கணக்கு இருக்கின்றது. நம்மூர்க் குடும்பங்கள் பலவற்றிடம் தம் இழப்புக்குக் கணக்கு இல்லை; “கொழுந்து குறைஞ்சு போச்சு” என்பதே அவர்களின் பதிவேடு. எந்த மலை எவ்வளவு குறைந்தது, எது விரைவில் மீண்டது என்பது தெரிந்திருந்தால், முதலிற் கிடைத்த ஒரு மூட்டை உரத்தை எங்கே போடுவது என்பதும் தெரிந்திருக்கும். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை உண்டு. அங்கே ஆலோசனை கேட்கச் செல்வோர் கையிலே கவ்வாத்து வெட்டிய ஆண்டும் உரம் இட்ட திகதிகளும் இருந்தால், கிடைக்கும் ஆலோசனையும் பொதுவானதாக இராது.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எமது மாணவியின் பதிவேட்டில் நாள்தோறும் மழையளவு இருந்தது. கருவி யாது? பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரப் பேணியும் ஓர் அடிமட்டமும். திறந்த வெளியில் மட்டமாக வைத்த பேணியில் எத்தனை மில்லிமீற்றர் ஆழத்துக்கு நீர் நிற்கின்றதோ அத்தனை மில்லிமீற்றர் மழை. காலை ஒரே நேரத்தில் அளந்து ஊற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். எப்போது உரம் போடலாம், எப்போது போட்டால் ஆற்றோடு போகும் என்பதற்காகத்தான் அவள் இதனைத் தொடங்கினாள். ஆனால் நம் மலைகளில் மழையளவுக்கு வேறு பொருளும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் என்று அந்நிறுவனம் படிநிலைகள் வகுத்துள்ளது. வானொலி மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லும். நம் லயத்துக்கு மேலே உள்ள மலையில் எவ்வளவு பெய்தது என்பதை நம் பேணிதான் சொல்லும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, அடைபட்ட கான் ஆகியவற்றையும் திகதியிட்டு எழுதி, படமும் எடுத்து வைக்கலாம். கொழுந்துக் கணக்குக்காக வாங்கிய கருவி இதற்கும் உதவுமாயின் வேண்டாம் என்பார் யார்?

குறைகளும் இல்லாமல் இல்லை. மலைமடிப்புகளில் தொலைபேசி அலை கிடைப்பதில்லை. சில செயலிகள் தொடர்பு இல்லாவிடத்தும் எழுதவிட்டு, தொடர்பு கிடைத்ததும் அனுப்பிவைக்கும். சில அவ்வாறு செய்வதில்லை. தெரிவு செய்வதற்கு முன் இதனை வினவுதல் வேண்டும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார். விதைப்பு, அறுவடை என்று கோதுமை வயலுக்கு அமைத்த சொற்கள் ஆண்டு முழுவதும் கொய்யும் தேயிலைக்குப் பொருந்துவதில்லை; வாரந்தோறும் அறுவடை என்றால் அமெரிக்க மென்பொருள் மிரண்டுபோகும். ஆயின் மலைகளின் பெயரையும் குறிப்புகளையும் தமிழிலேயே எழுதலாம் என்பது பெரிய வசதி. செய்மதிப் படம், மண்ணீரம் காட்டும் கருவி என்றெல்லாம் விற்க வருவோருக்கு ஓரேக்கர்க்காரர் இப்போதைக்குச் செவிகொடுக்க வேண்டியதில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை வீட்டுக்குள்ளே இருக்கின்றது. கணக்கு எழுதுபவள் ஒருத்தி. கடவுச்சொல் அவள் ஒருத்திக்கே தெரியும். உயர்தரம் முடிந்து அவள் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புக்கோ போய்விட்டால், செக்ரோல் கணக்கப்பிள்ளையின் பெட்டியிற் கிடந்ததுபோல, இந்தக் கணக்கும் அவளுடைய தொலைபேசியிற் கிடக்கும். எழுதத் தெரிந்தவர் கையிலே எழுதப்பட்டவர் மீண்டும் சிக்கிக்கொள்வர். இம்முறை சிக்கவைப்பது அன்பு மகள் என்பது மட்டுமே வித்தியாசம். ஆகவே தம்பிக்கும் தாயாருக்கும் பதியக் கற்றுக்கொடுக்கும்படி அவளிடம் சொன்னோம். தாயாருக்கு எழுத வராது, ஆனால் எண்கள் தெரியும். கொழுந்து நிறையை அவரே பதிகின்றார். தம்பிக்கு மழைப் பேணி.

கம்பனி ஒதுக்கிய செடிகளைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு இவ்வழக்கம் இன்னும் அவசியமானது. அங்கே உரத்தின் விலையும் முற்பணமும் கொழுந்துப் பணத்திலிருந்து கழிக்கப்படும். கழித்த கணக்கு ஒருபுறம் மட்டும் இருப்பின் பழைய துண்டின் நிழல் இன்னும் விலகவில்லை என்றே கொள்ள வேண்டும். கொழுந்துச் சீட்டுக் கிடைத்த அன்றே அதனைப் படம் எடுத்துத் திகதியோடு சேர்த்துவிடுதல் நன்று. அச்சீட்டின் மை மூன்று மாதத்தில் மங்கிவிடுகின்றது.

எந்த மென்பொருளை எடுப்பது என்று கேட்டு எழுதக்கூடிய வாசகருக்கு ஒன்று சொல்வோம். முதல் இரண்டு மாதம் எண்பது பக்கக் கொப்பியில் எழுதிப் பாருங்கள்: திகதி, மலை, வேலை, யார், எத்தனை மணி நேரம், வீட்டு நிறை, சீட்டு நிறை, மழை. அதனைத் தவறாமல் எழுத முடிந்த வீட்டுக்கே செயலி பயன்படும். எடுக்கும்போது, எழுதிய கணக்கு முழுவதையும் வெளியே எடுத்துப் பிரதி செய்ய இயலுமா என்று பாருங்கள்; இயலாதெனின் அதனை விட்டுவிடுங்கள். பசறைக் குடும்பத்தார் மாத முடிவில் ஒரு பக்கத்தைப் பட்டினத்துக் கடையில் அச்செடுத்து, காணி உறுதி வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைக்கின்றனர். சென்ற மாதப் பக்கத்தின் அடியில், ‘மணி நேரம்’ என்ற தலைப்பின் கீழ் அப்பாயியின் பெயரும் அச்சாகியிருந்தது.